ராஃபிள்ஸ் சிலைக்குப் பின்னால் ஓர் எலி

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கைகளைக் கட்டிக்கொண்டு வெள்ளை வெளேரென்று நிற்கிறாரே ராஃபிள்ஸ், அவரை முன்னால் நின்று படம் எடுத்தது போதும். இன்று பின்பக்கமாகப் போய் எட்டிப் பார்ப்போம், வாருங்கள். கூத்தில் ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு முதுகு சொறிவதெல்லாம் திரைக்குப் பின்னால்தானே!

1819 ஜனவரி இறுதி. ராஃபிள்ஸும் வில்லியம் ஃபார்க்குவாரும் வந்து இறங்குகிறார்கள். உள்ளூர் மலாய்த் தலைவரான தெமங்கோங், அவருடைய ஆட்கள், ஒராங் லாவுட் கடலோடிகள் என்று ஏறக்குறைய ஆயிரம் பேர் அங்கே ஏற்கெனவே குடியிருந்தார்கள். ஆகவே ‘கண்டுபிடித்தார்’ என்ற பேச்சை மூட்டை கட்டி ஓரமாக வையுங்கள். பிப்ரவரி 6 அன்று, ஆங்கிலேயர் வணிகத் தளம் அமைக்க ஒப்பந்தம். மறுநாளே ராஃபிள்ஸ் கப்பலேறிவிட்டார்! மூன்று முறை வந்தும் இந்தத் தீவில் அவர் இருந்த காலம் மொத்தமே பத்து மாதத்துக்குக் குறைவு. காடு, கூடாரம், எலி எல்லாம் பொறுப்பில் விட்டுப்போன ஃபார்க்குவார் தலையில்.

ஆமாம், எலி! அந்த ரகசியத்தைப் போட்டு உடைத்தவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர், அரபு ரத்தமும் தமிழ் ரத்தமும் கலந்த குடும்பம், தமிழும் படித்தவர். 1849இல் அச்சான தன் வரலாற்றில், கண்ணால் கண்டது பாதி காதால் கேட்டது பாதியாக, ஆள் வஞ்சனையில்லாமல் எழுதி வைத்திருக்கிறார். பூனை அளவுக்கு எலிகளாம். இருட்டில் நடந்தால் காலை இடறுமாம். ஒரு ராத்திரி அவர் வீட்டுப் பூனை அலறியிருக்கிறது. விளக்கோடு ஓடிப் பார்த்தால் ஆறேழு எலிகள் பூனையைச் சுற்றி வளைத்துக்கொண்டு, ஒன்று காதை, ஒன்று மூக்கைக் கடித்துக் குதறுகின்றன. எலியிடமிருந்து பூனையைக் காப்பாற்ற வேண்டியிருந்த ஊர் ஐயா இது!

ஃபார்க்குவார் துப்பாக்கியைத் தொடவில்லை, பணப்பையைத் திறந்தார். எலி ஒன்றுக்கு ஒரு ‘வாங்’ காசு. அவ்வளவுதான், ஊரே எலிவேட்டைக்குக் கிளம்பிவிட்டது. ஆயிரக்கணக்கில் வந்து குவிந்ததைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தால் பூரான்! அதற்கும் காசு வைத்தார் மனிதர்.

அடுத்து நம் பேட்டைக்கு வருவோம். தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், கான்கிரீட் கரைகளுக்கு நடுவே சமர்த்தாக ஓடுகிறது ரோச்சோர் கால்வாய். இந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ரோச்சோர் ஆற்றின் கரையில்தான் ஃபார்க்குவார் தன் நாயோடு உலாவினார். நாய் தண்ணீரில் இறங்கியது. முதலை கவ்விக்கொண்டு போய்விட்டது. அங்கே முதலை இருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாதாம். ஆற்றை மறித்து, முதலையைக் குத்திக் கொன்று, பிராஸ் பசா ஆற்றோரத்து மரத்தில் தொங்கவிட்டார்கள். இன்று அந்தப் பக்கமெல்லாம் கல்லூரியும் கடைத்தொகுதியும்.

ராஃபிள்ஸ் 1822 அக்டோபரில் திரும்பி வந்தபோது விளையாட்டெல்லாம் தீர்ந்திருந்தது. சுமத்ராவின் பெங்கூலனில் ஆறேழு மாதத்துக்குள் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தார். விடாத தலைவலி வேறு. இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக ஒரு வீடு கட்டிக்கொண்டார். 1819இல் அவரோடு பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை போட்டாரே நாராயண பிள்ளை, அவர் 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் முதலில் மரமும் அத்தாப்பும்தான். ராஃபிள்ஸுக்கும் ஓலை, அம்மனுக்கும் ஓலை!

புலியைச் சொல்லாமல் விடுவேனா? 1835. ஜார்ஜ் கோல்மன் என்ற ஐரிஷ்காரர், ஊரின் பொதுப்பணிகளுக்குப் பொறுப்பாளர், காட்டில் சாலை போட நிலம் அளந்துகொண்டிருக்கிறார். புதரிலிருந்து ஒரே பாய்ச்சல். நொறுங்கியது அளவைக் கருவி மட்டும். ஆட்களுக்குக் கீறல்கூட இல்லை. பல ஆண்டு கழித்து லியூட்டமன் என்ற ஜெர்மானியர் அதை அமர்க்களமான படமாக வரைந்தார். அந்தப் படத்தில் என் கண் கோல்மனிடம் நிற்பதில்லை, ஆளுக்கொரு திசையில் சிதறும் கூலிகளிடம் போய்விடுகிறது. அவர்கள் இந்தியக் கைதிகள். 1825இல் பெங்கூலனிலிருந்து வந்த முதல் தொகுதியில் மதராஸிலிருந்து அனுப்பப்பட்டவர்களே 80 பேர். நிலம் அளக்கவும் சங்கிலி, வந்த புதிதில் காலிலும் சங்கிலி. புலி வந்தால் கோல்மன் ஓடித் தப்பலாம், இவர்கள் ஓடினாலும் கைதிகள்தான்.

2019 ஜனவரியில், இருநூறாம் ஆண்டு நினைவுக்காக, ராஃபிள்ஸ் சிலைக்குப் பின்னாலிருக்கும் கட்டடத்தின் நிறத்திலேயே சாயம் பூசி அவரை மாயமாக்கிவிட்டார்கள். பிறகு சாயத்தைக் கழுவி, பக்கத்திலேயே இன்னும் நான்கு சிலைகளைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். எலிக்கதை சொன்ன அப்துல்லாவும் செங்கல் சுட்ட பிள்ளையும் அந்த நால்வரில் இருந்தார்கள்.