துணிவும் கணக்கும்

விளையாட்டுக்களுள் சில உடல்வலியை வேண்டுவன. சில கைவிரைவை வேண்டுவன. வேறு சில ஆராயும் அறிவொன்றையே வேண்டுவன. கணிப்பொறித் திரையில் ஆடப்பெறும் 'ஸ்லே தி ஸ்பையர்' என்பது இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரிலுள்ள மெகா கிரிட் என்னும் சிறு நிறுவனத்தாரால் இயற்றப்பெற்று, 2017ஆம் ஆண்டில் முன்வடிவாகவும், 2019ஆம் ஆண்டு ஜனவரியில் முழுவடிவாகவும் இது வெளிவந்தது. இவ்விளையாட்டின்கண் எதிர்ப்படும் ஐயத்திற்குரிய தேர்வுகளை எங்ஙனம் ஆராய்ந்து துணிவது என்பதை ஈண்டுச் சுருங்க விளக்குவோம்.

முதற்கண் இதன் இயல்பு அறியற்பாலது. வீரன் ஒருவன் உயர்ந்ததொரு கோபுரத்தின் மீது ஏறுகின்றான். அவனுடைய படைக்கலங்கள் சீட்டுக்களே. ஒவ்வொரு போரிலும் வென்றபின் புதிய சீட்டொன்றைத் தெரிந்து தன் கட்டிற் சேர்த்துக்கொள்ளலாம். உயிரளவு முற்றும் தீருமாயின் ஆட்டம் முடிந்தது. சேர்த்த பொருள் யாவும் அழிய, அடியிலிருந்தே மீண்டும் தொடங்கல் வேண்டும். இவ்விதி 1980ஆம் ஆண்டளவில் தோன்றிய 'ரோக்' என்னும் பழைய ஆட்டத்தின் வழி வந்தது. ஆதலின் இவ்வகை ஆட்டங்களை 'ரோக்லைக்' என்பர்.

ஏறும் வழியில் வினாக்குறியிட்ட இடங்கள் சில உள. அவற்றுட் பலவற்றில் போரின்றி ஒரு நிகழ்ச்சி எதிர்ப்படும். ஒன்றை இழந்து ஒன்றைப் பெறுமாறு அது நம்மை அழைக்கும். அவ்வழைப்பை ஏற்பதா, மறுப்பதா? அஞ்சி எல்லாவற்றையும் மறுப்பவன் கோபுரத்தின் மேற்பகுதிக்கு வேண்டிய வலிமையின்றி மடிவான். ஆசையால் எல்லாவற்றையும் ஏற்பவனோ அவ்விடத்தை அடையுமுன்னரே மடிவான்.

இழப்பு எந்தப் பையிலிருந்து செல்கின்றது என்பதே முதலில் நோக்கத்தக்கது. பொற்சிலை நிகழ்ச்சியைக் காண்க. பகைவரிடமிருந்து கிடைக்கும் பொன்னை நூற்றுக்கு 25 மிகுவிக்கும் சிலையொன்று பீடத்தின்மேல் இருக்கின்றது. அதனை எடுத்தவுடன் பெரும்பாறை உருண்டு வரும். தப்பும் வழிகள் மூன்று: ஓடினால் பயன்படாத சாபச்சீட்டொன்று கட்டிற் சேரும், பாறையை உடைத்தால் உயிரின் பேரளவில் நூற்றுக்கு 25 பங்கு காயமாகும், ஒளிந்தால் பேரளவே நூற்றுக்கு 8 குறையும். 80 உயிரளவுடைய அயர்ன்கிளாட் என்னும் வீரனுக்கு, உடைத்தல் 20 புள்ளிக் காயம். ஒளிதல் பேரளவில் 6 குறைவு. எண்ணளவில் 6 சிறிதெனத் தோன்றினும், காயம் ஆறும், குறைந்த பேரளவோ ஓய்வினால் மீளாது. அவ்வீரன் ஒவ்வொரு போரின் முடிவிலும் 6 புள்ளி உயிர் மீளப்பெறும் இயல்பினன் ஆதலின், போர்கள் எளியவாயின் 20 புள்ளியும் விரைவில் ஈடாகும். அடுத்த தளத்திலேயே கொடும்பகைவன் நிற்பானாயின், அப்பொழுது பேரளவிற் சிறிது இழத்தலே அறிவுடைமை. ஆகவே எண்ணின் சிறுமை பெருமை மட்டும் முடிவு செய்யாது. எப்பொருள் மீளும், எப்பொருள் மீளாது என்பதே முடிவு செய்யும்.

அடுத்து நோக்கத்தக்கது, முயற்சி தொடருந்தோறும் பேரம் நமக்கு ஆக்கமாகின்றதா, கேடாகின்றதா என்பது. இதற்கு இரு நிகழ்ச்சிகளை ஒப்பிடுவோம்.

'ஸ்கிராப் ஊஸ்' என்பது இரும்புத் துண்டுகளை விழுங்கிக் கிடக்கும் ஒரு கூழ்ப்பிராணி. அதனுட் கைவிட்டுத் துழாவினால் அரும்பொருள் ஒன்று கிடைத்தல் கூடும். முதல் முயற்சிக்கு 3 புள்ளி இழப்பு. வாய்ப்பு நூற்றுக்கு 25. தவறினால் அடுத்ததற்கு இழப்பு ஒன்றும் வாய்ப்பு பத்தும் கூடும். அஃதாவது 4க்கு 35, 5க்கு 45, 6க்கு 55. இழக்கும் ஒரு புள்ளிக்கு வாய்ப்பு எவ்வளவு என வகுத்துப் பார்த்தால், 8.3, 8.75, 9, 9.2 எனச் சிறிது சிறிதாக உயர்வதைக் காணலாம். மூன்று முயற்சிக்குள் பொருள் கிட்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 73. கிட்டும்வரை தொடரின் சராசரி இழப்பு 11 புள்ளியளவாகும். எனவே, தொடங்கத் தகுந்த நிலையிலிருப்பவனுக்கு, உயிர் இடங்கொடுக்குமளவும் தொடர்தலும் தகும். ஆயினும் 'இவ்வளவு இழந்தோமே' என்னும் இரக்கம் அதற்குக் காரணமாதல் கூடாது, இழந்தது இழந்ததே. அடுத்த பேரம் நன்று என்பதே காரணமாதல் வேண்டும்.

இனி, இறந்துகிடக்கும் வீரன் ஒருவனுடைய உடைமைகளைத் தேடும் நிகழ்ச்சியை நோக்குக. மூன்று முறை தேடலாம். 30 பொன், அரும்பொருள், வெறுமை ஆகிய மூன்றும் முன்பின்னாக அமைந்திருக்கும். அவனைக் கொன்ற கொடும்பகைவன் திரும்பிவரும் அச்சம் முதற்றேடலில் நூற்றுக்கு 25, இரண்டாவதில் 50, மூன்றாவதில் 75. மூன்றையும் போரின்றி முடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 9 அளவே. இங்கே இடர் வளர, எஞ்சிய பரிசோ குறைகின்றது. முன்னதற்கு நேர்மாறான அமைப்பு. ஆதலால் போருக்கு ஆற்றாதவன் ஒரு முறை தேடியதோடு அமைதல் நன்று. தேடாது போதலும் இழுக்கன்று. ஆற்றல் மிக்க கட்டுடையவனுக்கோ போரும் ஆதாயமே. ஏனெனில் வென்றபின் எஞ்சிய பொருள்கள் அவனுக்கே உரியனவாம்.

இதிலிருந்து மற்றொரு நெறியும் பெறப்படும். ஒரே தேர்வு ஒருவனுக்கு நன்றாகவும் மற்றவனுக்குத் தீதாகவும் அமையும். பேய்க்கூட்டம் ஒன்று உயிரின் பேரளவிற் பாதியைக் கேட்டு, ஐந்து சீட்டுக்களைத் தருகின்றது. கடினப்படி 15உம் அதற்கு மேலும் ஆடுவோர்க்கு மூன்றே தரும். கேட்டவுடன் நெஞ்சு நடுங்கும். எனினும் அச்சீட்டொன்றை ஆடிய சுற்றில் எத்துணைப் பெரிய அடியும் ஒரு புள்ளியாகவே குறையும். சில சுற்றுக்களிற் பகைவனை வீழ்த்த வல்லவனுக்கு அது நல்ல பேரம். நெடும்போர் செய்பவனுக்கோ அச்சீட்டுக்கள் தீர்ந்தபின் பாதி உயிரே காவல். தன் கட்டையும், முன்னுள்ள பாதையையும், ஓய்விடம் எங்குள்ளது என்பதையும் நோக்காது இதற்கு விடை கூறல் இயலாது. ஓய்விடத்தில் உயிரின் பேரளவில் நூற்றுக்கு 30 மீட்கலாம். அன்றேல் அதற்கு மாறாக ஒரு சீட்டைச் செப்பமாக்கலாம். ஆகவே இன்று இழக்கும் புள்ளிகள் நாளை ஒரு சீட்டின் செப்பத்தை இழப்பிக்கவும் கூடும்.

முன்னிற்பவன் இடரைக் குறைத்தல் வேண்டும். இயல்பாகச் சென்றால் தோல்வி உறுதியென அறிந்தவன் இடரை நாடுதல் வேண்டும். பலரும் இதனைத் தலைகீழாகச் செய்து, செல்வக் காலத்திற் செருக்கியும், நலிந்த காலத்தில் ஒடுங்கியும் கெடுகின்றனர்.

இறுதியாக ஒன்று. நன்கு ஆராய்ந்து செய்த தேர்வும் சிலபோது தோல்வி தரும். ஆராயாது செய்ததும் சிலபோது வெற்றி தரும். நூற்றுக்கு 75 வாய்ப்புள்ள செயல் நான்கில் ஒருமுறை தவறுதல் இயற்கையே. தவறியதனாலேயே அத்தேர்வைப் பழிப்பவன் அடுத்த ஆட்டத்தில் நல்ல நெறியைக் கைவிடுவான். வென்றதனாலேயே மூடத்துணிவைப் புகழ்பவன் பின்னர் அதற்கு விலை கொடுப்பான். ஆட்டம் முடிந்தபின் 'யாது விளைந்தது' என்று மட்டும் வினவாது, 'அன்று அறிந்திருந்தவற்றைக்கொண்டு தக்கது செய்தோமா' என்று வினவும் பழக்கமே, மீண்டும் மீண்டும் அடியிலிருந்து ஏறும் மாணவனை மேல்தளங்களுக்கு உரியவனாக்கும்.