மீந்த உணவும் மறுமைக் கேள்வியும்

 



நமது விருத்தாசலத்தில் ஒருநாள் காலை ஒரு நிக்காஹ் நடத்தி வைத்தேன். நண்பகலில் விருந்து முடிந்தது. இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் திருமண வீட்டார் தொலைபேசியில் அழைத்தனர். “ஹஜ்ரத்! இரண்டு தேக்சா பிரியாணி மீந்திருக்கிறது. ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்” என்றனர். வண்டி தேடிச் சென்று மூடியைத் திறந்தபோது புளித்த வாடை வீசியது. அனைத்தையும் குழி தோண்டிப் புதைத்தோம். அதே இரவில் ரயில் சந்திப்பின் ஓரத்தில் பசித்த வயிற்றோடு படுத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

அவ்வீட்டார் கஞ்சர்கள் அல்லர், கொடுக்கவே விரும்பினர். காலையில் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிய நானும் உணவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே இல்லாமற் போனது ஈகையன்று. உரிய நேரத்தில் சென்று சேர வேண்டிய செய்தியே.

உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், அதே வசனத்தில் (7:31) வீண்விரயத்தைத் தடுத்துள்ளான். செல்வந்தர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவைத் தீய உணவென்று புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இடம்பெறும் நபிமொழி எச்சரிக்கிறது. குழம்பில் தண்ணீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாரைக் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் அறிவுறுத்தினார்கள்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானதாகும். ஆகவே இது பிறர் குற்றமன்று. நமது அடுப்படியின் கணக்கு.

இதற்கு வழி கண்டவர்கள் உள்ளனர். 2014-ல் கோயம்புத்தூரில் பத்மநாபன் கோபாலனும் அவருடைய நண்பர்களும் ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பைத் தொடங்கினர. விருந்து வீட்டார் தொலைபேசி வழியாகவோ செயலி வழியாகவோ தெரிவித்தால், தொண்டர்கள் வந்து உணவின் தரத்தைப் பார்த்து, பசித்தோர் இருக்குமிடத்தில் சேர்ப்பிக்கின்றனர். 2017-ல் சென்னை பெசன்ட் நகரில் பல் மருத்துவரான ஈஸா பாத்திமா ஜாஸ்மின் என்னும் நம் சகோதரி, ‘ஐயமிட்டு உண்’ என்ற பெயரில் பொதுக் குளிர்சாதனப் பெட்டியை நிறுவினார். மீந்ததை வைப்பவர் வைக்கலாம். தேவைப்படுபவர் எவரிடமும் கையேந்தாமல் எடுத்துக்கொள்ளலாம்.

பெருமக்களே! பெரிய ஏற்பாடு இல்லையென்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ரமளானில் நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பகிரும் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் பாத்திரமும் இளைஞர்களும் உண்டு. கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு போதும். மூன்று ஒழுங்குகளை மட்டும் பேணுவோம்.

முதலாவது, நிக்காஹ் பதிவு செய்யும்போதே விருந்தின் நேரத்தையும், செய்தி சொல்லும் பொறுப்பாளரையும் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பந்தி அமரும்போதே குழுவிற்குச் செய்தி வர வேண்டும்.

இரண்டாவது, சூளைகள் எரியும் நம் ஊராருக்குச் சூட்டின் அருமையும் நேரத்தின் அருமையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உணவுக்கும் அவ்விரண்டுமே அளவுகோல். சமைத்த உணவைச் சூடின்றி இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆறிய சோற்றில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. கெட்ட உணவைக் கொடுப்பது தர்மமாகாது.

மூன்றாவது, இலையில் எஞ்சியதையன்று, பாத்திரத்தில் கை படாமல் இருப்பதையே கொடுக்க வேண்டும். தமக்குக் கொடுத்தால் முகம் சுளிக்கும் பொருளைத் தர்மமாகக் கொடுக்க நாடாதீர் என்பதே 2:267-ஆம் வசனத்தின் கருத்து. பெறுபவர் எம்மதத்தவராயினும், அது எந்த இறைச்சி என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அமானிதம். அவரைப் படம் பிடித்துப் பரப்புவது அவரது மானத்தைக் குலைப்பதாகும். நன்றியையும் பிரதிபலனையும் எதிர்பாராமல் உணவளிப்போரையே 76-ஆம் அத்தியாயம் போற்றுகிறது.

கருவி செய்தியைத்தான் சுமக்கும். தேக்சாவை நாம்தான் சுமக்க வேண்டும். அடுத்த திருமணத்தில் நம் ஊர் மண்ணில் ஒரு பிடி சோறும் புதைக்கப்படாதிருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.