உங்களுக்குத் தெரியுமா? கியர்பாக்ஸ் ஆயில் எரிந்து தீராது!

ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் ஆயில், இன்ஜின் ஆயிலைப் போல ஓட ஓட எரிந்து குறைவதில்லை. அளவு குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றி நிரப்பினால் மட்டும் போதாது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

• ஆயில் குறைந்தால் கியர் நழுவும். அதன் அடையாளம்: மிதித்ததும் இன்ஜின் இரையும், ஆர்.பி.எம். முள் ஏறும், வேகம் மட்டும் கூடாது. 'டி'யில் போட்டாலும் வண்டி தயங்கித்தான் நகரும்.

• இந்த ஆயில் வெறும் மசகு அல்ல. அதன் அழுத்தம்தான் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. அழுத்தம் குறைந்தால் தட்டுகள் வழுக்கும், சூடேறும், கருகும். பல கார்களில் புது ஆயில் சிவப்பு; கருத்துப்போய், தீய்ந்த வாடை வீசினால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

• மேனுவல் காரா? எதிரே யாரும் இல்லாத சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது.

• வழியில் நழுவினால் மேலும் மிதிக்காதீர்கள்; ஓரங்கட்டுங்கள். ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கவே வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது ஆயில் பம்ப்பும் ஓடாது; உள்ளே சுழலும் பாகங்களுக்கு மசகு கிடைக்காது. முழு வண்டியையும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.