குமிழ் சொல்லாத குளிர்

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் உட்பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். அதைச் சுற்றி 1 முதல் 7 வரை எண்கள். கோடையில் கூட்டி வைப்போம், மழைக்காலத்தில் குறைத்து வைப்போம். 4இல் வைத்தால் உள்ளே 4 டிகிரி இருக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்த எண்கள் டிகிரி அல்ல. பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான். சமையலறை எவ்வளவு சூடு, கதவு எத்தனை முறை திறக்கிறது, கதவு ரப்பர் எவ்வளவு பழசு, ராத்திரி மிஞ்சிய சாம்பார் எந்தச் சூட்டில் உள்ளே போனது என்பதையெல்லாம் பொறுத்து, அதே 4 ஒரு வீட்டில் 3 டிகிரியாகவும் பக்கத்து வீட்டில் 10 டிகிரியாகவும் இருக்கலாம். கையை விட்டுப் பார்த்தால் இரண்டும் ஜில்லென்றுதான் இருக்கும். 35 டிகிரி வெக்கையில் நிற்கிற கைக்கு 3க்கும் 10க்கும் வித்தியாசம் தெரியாது.

தோசை மாவுக்குத் தெரியும். குளிர் சரியாக இருக்கும் வீட்டில் மாவு சில நாள் தாங்கும். 10 டிகிரி வீட்டில் அது உள்ளே இருந்துகொண்டே புளித்துக்கொண்டிருக்கும். நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே வேலை செய்கின்றன என்றால், தீமை செய்பவையும் சும்மா இருக்கப்போவதில்லை. உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 4 டிகிரிக்குக் கீழே மிக மெதுவாகவே பெருகுகின்றன. லிஸ்டீரியா போன்ற சில, அந்தக் குளிரிலும் வளரக்கூடியவை. ஆகவே ஃபிரிட்ஜ் கெடுதலைத் தள்ளிப்போடும் பெட்டி. எவ்வளவு தள்ளிப்போடும் என்பது அந்தச் சில டிகிரிகளில் இருக்கிறது.

மீன் வாங்கும் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிர் போதாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். எத்தனை கொதி கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மறுபடி ஃப்ரீசரில் போட்டாலும் போகாது. குழம்பில் போட்டுச் சரிசெய்ய முடியாத பிழை அது.

ஃபிரிட்ஜுக்கு 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே, ஃப்ரீசருக்கு மைனஸ் 18. இவைதான் பரவலாகச் சொல்லப்படும் இலக்குகள். மைனஸ் 18 என்ற விசித்திர எண், பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யம். ஐஸ், தண்ணீர், நவச்சாரம் மூன்றையும் கலந்தால் கிடைக்கும் கடுங்குளிரை டேனியல் பாரன்ஹீட் 1724இல் தன் அளவுகோலின் தொடக்கப்புள்ளியாகச் சொன்னார். உறைந்த உணவுத் தொழில் பெருகிய அமெரிக்காவில் அந்த அளவுகோல்தான் புழங்கியது. செல்சியஸில் எழுதியபோது அது மைனஸ் 18 ஆயிற்று.

உள்ளே நிலவும் குளிரைக் கதவைத் திறக்காமலேயே காட்டுவதுதான் கம்பியில்லா வெப்பமானி. தீப்பெட்டி அளவிலிருந்து சோப்புக்கட்டி அளவுவரை இருக்கும் சென்சார் ஒன்று ஃபிரிட்ஜிலும் மற்றொன்று ஃப்ரீசரிலும் கிடக்கும். இரண்டின் எண்களும் சமையலறைச் சுவரில் மாட்டிய சிறு திரையிலோ கைபேசியிலோ தெரியும். எல்லை தாண்டினால் அலாரம் அடிக்கும்.

சென்சாரின் இதயம் தெர்மிஸ்டர் என்ற சிறு மணி. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்தது. செம்புக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும். தெர்மிஸ்டரில் நேர்மாறு, சூடு ஏற ஏறத் தடை குறையும். இந்தத் தலைகீழ் குணத்தை வெள்ளி சல்ஃபைடில் மைக்கேல் ஃபாரடே 1833இலேயே கவனித்துவிட்டார். இன்று பரவலாகப் புழங்கும் தெர்மிஸ்டருக்கு 25 டிகிரியில் 10,000 ஓம் தடை. பூஜ்யத்துக்கு வந்தால் அது சுமார் மூன்று மடங்காகும். மைனஸ் 18இல், வகையைப் பொறுத்து, ஏழு முதல் ஒன்பது மடங்காகும். இவ்வளவு பெரிய மாற்றத்தை அளக்க விலை கூடிய மின்சுற்று தேவையில்லை. இந்தக் கருவி சாதாரண வீட்டுக்கும் எட்டும் விலைக்கு வந்ததன் காரணங்களில் அதுவும் ஒன்று.

அளந்த எண்ணை வெளியே அனுப்புவதுதான் கடினமான வேலை. ஃபிரிட்ஜின் வெளிக்கூடு இரும்புத் தகடு. ரேடியோ அலையை உலோகம் தடுத்துவிடும். ஆனாலும் சேதி வெளியே வருகிறது. கதவுக்கும் உடலுக்கும் நடுவே ஓடும் ரப்பர்ப் பட்டை, உட்புறத்து பிளாஸ்டிக் என உலோகம் முழுதாக மூடாத இடங்கள் வழியே அலை கசிகிறது. அங்கே அலையின் அதிர்வெண்ணைப் பொறுத்துப் பலன் மாறும். எளிய வகைகள் பல 433 மெகாஹெர்ட்ஸில் பேசும். அவற்றின் அலைநீளம் 70 சென்டிமீட்டரை ஒட்டியது, சுவர்களைத் தாண்டி நல்ல தூரம் போகும். ப்ளூடூத்தும் பெரும்பாலான வைஃபை வகைகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ்; அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இரும்புக் கூட்டைத் தாண்டியபின் ப்ளூடூத்தின் வீச்சு மிகவும் குறுகிவிடும். அடுத்த அறைக்குப் போனாலே துண்டிக்கப்பட்டது என்று கைபேசி சொல்லக்கூடும். பெட்டிமேல் நூறு மீட்டர் என்று போட்டிருந்தால் அது வெட்டவெளிக் கணக்கு.

பேட்டரியிலும் கவனம் வேண்டும். சாதாரண அல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது நீர் கலந்த வேதிக்குழம்பு. மைனஸ் 18இல் அது மந்தமாகிவிடும். அளப்பதற்குப் போதும், ஆனால் சேதி அனுப்பும் கணத்தில் தேவைப்படும் மின்னோட்டத்தைத் தர முடியாமல் திணறும். ஃப்ரீசருக்குள் போகும் சென்சாருக்கு 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரியே ஏற்றது. மைனஸ் 40 வரை வேலை செய்யும்படி செய்யப்படுவது அது. பேட்டரி மாற்ற சென்சாரை வெளியே எடுத்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன்மேல் உடனே வியர்த்து நிற்கும். முதலில் ஜிப் பையில் போட்டு, அறை வெப்பத்துக்கு வந்தபின் திறப்பது சுற்றுப்பலகைக்கு நல்லது.

இதையெல்லாம் சரியாகச் செய்து மாட்டிய வீட்டில் முதல் நாளே ஒரு கலக்கம் வரும். எண் ஒரே இடத்தில் நிற்காது. 2, 5, 3, 6 என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஃப்ரீசரோ திடீரென்று மைனஸ் 18இலிருந்து மைனஸ் 8க்கு வந்து, அரைமணி கழித்து ஒன்றும் நடக்காததுபோல் திரும்பிப் போகும். ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். கம்ப்ரசர் ஓடும், நிற்கும், ஓடும். அந்த மூச்சுதான் சிறு ஏற்ற இறக்கம். பனி படியாத வகை ஃபிரிட்ஜ்களில் குளிர்க்குழாயில் சேரும் பனியை உருக்க உள்ளேயே ஒரு ஹீட்டர் இருக்கிறது. ஓடும் நேரத்தைக் கணக்கிட்டு, நாளைக்கு ஓரிரு முறை அது எரியும். அப்போது சுற்றியுள்ள காற்று சூடாகும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் அதே வேலையைக் குமிழின் நடுப் பொத்தானை அழுத்தி நாமே செய்கிறோம்.

காற்று சூடானால் உணவும் சூடாகிவிட்டது என்று பொருளில்லை. காற்றுக்கு வெப்பத்தைத் தாங்கிவைக்கும் திறன் மிகக் குறைவு. கதவைத் திறந்த நொடியில் மாறிவிடும். ஒரு லிட்டர் பாலோ ஒரு கிலோ கறியோ அவ்வளவு சுலபத்தில் அசையாது. நமக்கு வேண்டியது பாலின் வெப்பநிலை. சென்சார் சொல்வது காற்றின் வெப்பநிலை. இதனால்தான் தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ்களில் சென்சார் முனையைக் கிளைகால் என்ற திரவம் நிரப்பிய சிறு குப்பிக்குள் வைக்கிறார்கள். வீட்டில், ஒயரோடு வெளியே நீளும் நீர்புகா முனை உள்ள சென்சார் என்றால் அதை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கி நடுத்தட்டில் வைக்கலாம். முழுப்பெட்டி சென்சார் என்றால் பால் பாக்கெட்டுகளின் நடுவில், ஃப்ரீசரில் உறைந்த பொட்டலங்களுக்கு இடையில். கதவுத் தட்டில் மட்டும் வேண்டாம். ஃபிரிட்ஜிலேயே அதிகம் சூடேறும் இடம் அதுதான். பாலை அங்கே வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

இன்சுலின் இருக்கும் வீடுகளுக்காக இன்னொன்று சொல்லியாக வேண்டும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. சூடாவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உறைந்துபோவதும் அதே அளவு கெடுதல், ஒருமுறை உறைந்த இன்சுலினை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசர்ப் பெட்டிக்கு நேர் கீழே உள்ள தட்டும், பின்சுவரை ஒட்டிய இடமும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடியவை. அந்த வீட்டில் மேல் எல்லையோடு கீழ் எல்லைக்கும், 2 டிகிரிக்கு, அலாரம் வைக்க வேண்டும். இந்த வசதி இல்லாத கருவியை அவர்கள் வாங்கவே கூடாது என்பேன்.

மின்வெட்டுதான் இந்தக் கருவிக்கு உண்மையான சோதனை. 2016 வர்தா புயலின்போது சென்னையிலும், 2018 கஜா புயலின்போது டெல்டா மாவட்டங்களிலும் நாள்கணக்கில், சில ஊர்களில் வாரக்கணக்கில், மின்சாரம் இல்லை. திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். இது மேலைநாட்டு உணவுப் பாதுகாப்புக் கணக்கு; நம் மே மாதச் சமையலறையில் இன்னும் சுருங்கும் என்றே கொள்ள வேண்டும். கதவைத் திறந்து பார்த்தால் காத்த குளிர் போய்விடும். திறக்காவிட்டால் உள்ளே என்ன நிலை என்று தெரியாது. அந்த இக்கட்டில் வெளியே தெரியும் ஒரு எண் எத்தனை பெரிய உதவி! ஆனால் வைஃபை வகை இங்கே கைவிட்டுவிடும். மின்சாரம் போனால் ரௌட்டரும் போகும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைபேசியில் சேதி வராது. இன்வெர்ட்டரில் ரௌட்டரை இணைக்காத வீட்டுக்கு, பேட்டரியில் ஓடும் திரையுள்ள எளிய வகையே மேல். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோர் வீட்டு ஃபிரிட்ஜைக் கவனிக்க விரும்பினால்தான் வைஃபைக்குப் பொருள் உண்டு. அதிலும் சேதி நின்றுபோனால் அதையே ஓர் எச்சரிக்கையாக அனுப்பும் வகையைத் தேட வேண்டும். இந்தியாவின் தடுப்பூசிக் கிடங்குகளுக்காக 2015இல் தொடங்கிய ஈவின் திட்டத்தில், வைஃபை தேவைப்படாதபடி, வெப்பமானிகளுக்குள் சிம் அட்டையே வைத்தார்கள்.

ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கேட்பது வேறு கேள்வி: நாம் இல்லாதபோது என்ன நடந்தது? கரண்ட் இருபது மணி நேரம் போய்விட்டு வந்திருந்தால், உருகிய மீன் மறுபடி உறைந்து, பார்வைக்குப் பழையபடி கல்லாகக் கிடக்கும். உறைந்த தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போவது சிலர் கையாளும் வழி. திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் எல்லாம் உருகியிருக்கிறது. வெப்பமானியில் இதற்கு உச்சம், தாழ்வு என்று இரண்டு நினைவெண்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் கேன்டர்பரியில் ஜேம்ஸ் சிக்ஸ் 1780இல் செய்த கருவியும் இதைத்தான் செய்தது: வளைந்த குழாயில் பாதரசம் மேலே தள்ளிய சிறு இரும்பு ஊசி, பாதரசம் இறங்கியபின்னும் அங்கேயே நின்று அன்றைய உச்சத்தைக் காட்டும். கிளம்பும்போது நினைவெண்களை அழித்துவிட்டுப் போக வேண்டும். திரும்பியதும் ஃப்ரீசரின் உச்சம் மைனஸ் 6 என்றால் கவலையில்லை. பிளஸ் 9 என்றால் மீனை யோசிக்காமல் கொட்டிவிடலாம். கைபேசி வகையில் எத்தனை மணி நேரம் அப்படி இருந்தது என்று காட்டும் வரைபடக் கோடும் கிடைக்கும். உணவு 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் பாலும் கறியும் மீனும் போகட்டும். ஐஸ் துகள் இன்னும் மிஞ்சியிருந்தால் மறுபடி உறையவைக்கலாம். சுவை கொஞ்சம் குறையும், ஆபத்தில்லை.

இவ்வளவுக்கும் அந்தக் கருவியின் எண்ணை நம்பலாமா? சோதிப்பது எளிது. ஐஸைப் பொடித்து டம்ளர் நிறைய போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் அந்தக் கூழ் பூஜ்ய டிகிரியில் நிற்கும். சென்சாரை நீர் புகாத பையில் கட்டி நடுவே புதைத்துக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு டிகிரி முன்னே பின்னே காட்டினால் அந்த வித்தியாசத்தைத் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். மூன்று டிகிரி தவறினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் சரி.

நாள்பட்டுப் பார்க்கிறவர்களுக்குக் கோட்டின் வடிவமே பழகிவிடும். ஒரே நாளில் செங்குத்தாக ஏறினால் கதவு சரியாக மூடவில்லை, அல்லது மின்சாரம் போயிருக்கிறது. ஃப்ரீசர் சரியாக இருக்க, கீழே ஃபிரிட்ஜ் மட்டும் மெல்ல மெல்லச் சூடானால், பனி படியாத வகையில் காற்றுப் பாதையைப் பனி அடைத்திருக்கலாம். உருக்கும் ஹீட்டரோ விசிறியோ பழுதாகியிருக்கும். இரண்டும் சேர்ந்து வாரக்கணக்கில் ஏறினால் பின்பக்கக் குழாயில் தூசி, தளர்ந்த ரப்பர், கடைசியாகக் கேஸ் கசிவு. ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை, மாற்ற வேண்டியது ரப்பர் மட்டும்தான். கேஸ் போட வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், முதலில் கடந்த ஒரு மாதக் கோட்டை அவரிடம் காட்டுங்கள்.