உங்களுக்குத் தெரியுமா? கோட்டையூர்த் தூணும் ஒட்டுப்பலகை வீடும்

வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊராகிய கோட்டையூரில், பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் எழுப்பிய பழைய வீடுகளின் முகப்பையும் வளவையும் தாங்கும் தேக்குத் தூண்கள், இரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த தேக்கில் கடைந்தவை. அத்தகைய முதிர்ந்த விருட்சங்கள் இன்று எளிதில் கிட்டா.

இந்த அபாவத்துக்குப் பரிகாரம்போல, 1990-களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உருப்பெற்ற முறைப்படி, ஊசியிலை மரங்களின் சிறு பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசையிட்டு அழுத்தி, சுவராகவும் தளமாகவும் நிற்கவல்ல கனத்த ஒட்டுப்பலகைப் பாளங்களாக்குகிறார்கள். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமமே. வீடு நிற்குமளவும் அது காற்றில் கலவாது. தீப்பிடித்தால்? மேற்பரப்பு மணிக்கு ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் ஆழம் கருகுகிறது. அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், கான்கிரீட் கீழ்த்தளங்களின்மேல் மரத்தளங்களை ஏற்றி, 2022-இல் 25 மாடிக் கட்டடத்தையே கட்டி முடித்துவிட்டார்கள்!

ஆயினும், தேக்குக்கு இயல்பாயுள்ள எண்ணெய்ச் சத்து ஊசியிலை மரத்துக்கு இல்லை. கறையான் மிகுந்த நம் சீமையில் அதற்குத் தனி ரட்சணை அவசியம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த வீடுகளின் தூணையும் நிலையையும் பேரம் பேசி வாங்கிப் புதுமனையில் நிறுத்துவோரின் யுக்தியே, என் அபிப்பிராயத்தில், நம் சீமைக்கு உசிதமானது.