பாலியல் தொழில்: மாநில அரசால் என்ன செய்ய இயலும்?

பாலியல் தொழில் நம் நாட்டில் குற்றமா என்று கேட்டால், படித்தவர்களில் பெரும்பாலோர் 'ஆம்' என்றே கூறுவர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. வயது வந்த ஒருவர் தாமாக, தனித்து, பொது இடங்களுக்கு அப்பால் இத்தொழிலில் ஈடுபடுவதை 1956-ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம் தண்டிப்பதில்லை. ஆனால், அதைச் சுற்றியுள்ள ஏறத்தாழ அனைத்தையும் தண்டிக்கிறது.

இரு பெண்கள் தத்தம் ஆதாயத்துக்காக ஒரே வீட்டைப் பயன்படுத்தினால், அவ்வீடு சட்டத்தின் பார்வையில் 'விபசார விடுதி'. அவர்களின் வருவாயில் வாழும் 18 வயது கடந்த எவரும், பெற்ற மகனோ முதிய தாயோ ஆயினும், 2 ஆண்டுகள் வரை சிறை செல்ல நேரலாம். வழிபாட்டுத் தலம், கல்விக்கூடம், மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்வது குற்றம். பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைத்தால் முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை. அதற்கு மாற்றாக, 2 முதல் 5 ஆண்டுகள் வரை பெண்ணைச் சீர்திருத்த இல்லத்தில் வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தண்டனையைவிடத் திருத்தம் நீண்டதாக இருக்கிறது!

பொருளியல் நோக்கில் இச்சட்டம் ஒரு வரியைப் போலச் செயல்படுகிறது. ஆனால், அவ்வரி அரசுக் கருவூலத்தைச் சேர்வதில்லை. பிடிபடும் அபாயத்துக்கான விலையை இடைத்தரகர்களும் விடுதி நடத்துவோரும் கையூட்டுப் பெறுவோரும் பங்கிட்டுக் கொள்கின்றனர். வாடிக்கையாளர் தாக்கினாலும், ஆணுறை அணிய மறுத்தாலும் காவல் நிலையத்தை நாட அஞ்சும் பெண்ணுக்குப் பேரம் பேசும் வலிமை ஏது?

இதற்கு அயல்நாட்டு அனுபவம் சான்றளிக்கிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 1980-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் ஒன்றின் விளைவாக, நான்கு சுவர்களுக்குள் நடக்கும் பாலியல் தொழில் குற்றமாகாது என்பது 2003-இல் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 2009-இல் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஸ்காட் கன்னிங்ஹாம், மனிஷா ஷா இருவரும், பதிவான பாலியல் வன்கொடுமைக் குற்றங்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததாகவும், பெண்களிடையே மேகவெட்டை நோய் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாகவும் கண்டனர். அதே வேளையில், தொழிலின் அளவு பெருகியதையும் அவர்கள் மறைக்கவில்லை. பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கிய நாடுகளுக்குள் ஆள்கடத்தல் கூடுதலாகப் பதிவாகிறது எனப் பல நாடுகளை ஒப்பிட்டு 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வு எச்சரிக்கிறது. ஆக, இருதரப்பு வாதங்களிலும் உண்மை உண்டு. இவற்றை எடைபோட்ட பின்னரே ஆஸ்திரேலியாவில் நியூ சௌத் வேல்ஸ் 1995-இலும், விக்டோரியா 2022-இலும், குயின்ஸ்லாந்து 2024-இலும் குற்றநீக்கச் சட்டம் இயற்றின.

நம் மாநிலங்களால் அவ்வாறு இயலுமா? இத்துறையில் மாநிலச் சட்டம் நமக்குப் புதிதன்று; சென்னை மாகாணம் 1930-லேயே தனிச் சட்டம் கண்டது. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் உள்ளது. மத்திய சட்டத்துக்கு முரணான மாநிலச் சட்டம் செல்லுபடியாக, அரசமைப்பின் 254(2)-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 2017-இல் ஜல்லிக்கட்டுக்கான திருத்தம் இவ்வழியில்தான் நிறைவேறியது. ஆனால், அவ்வொப்புதல் மத்திய அரசின் ஆலோசனையைப் பொறுத்தது. பாலியல் தொழிலாளர்களுக்கும் கண்ணியத்துடன் வாழும் உரிமை உண்டு என்று 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் ஆணையிட்டபோதே, அது நியமித்த குழுவின் பரிந்துரைகள் சிலவற்றை ஏற்க மத்திய அரசு தயங்கியது. ஜல்லிக்கட்டுக்குத் திரண்ட மக்கள் கூட்டமும் இவர்களுக்காகத் திரளப் போவதில்லை. எனவே, முழுமையான குற்றநீக்கச் சட்டத்துக்கு இப்போதைக்கு வாய்ப்பு குறைவே.

எனினும், அதைக் காரணம் காட்டி மாநில அரசு கைகட்டி நிற்க வேண்டியதில்லை. காவல்துறையும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆணுறையைக் குற்றச் சான்றாகக் கொள்ளலாகாது, காவலர்கள் இவர்களை இழிவாக நடத்தலாகாது, விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் உள்ள வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வேண்டும் என்னும் உச்சநீதிமன்றத்தின் வழிகாட்டுதல்களை ஓர் அரசாணையின் மூலமே நடைமுறைப்படுத்தலாம்.

குண்டர் தடுப்புச் சட்டம் எனப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம் தமிழகச் சட்டப்பேரவையே இயற்றியது. விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்க வழிசெய்யும் அச்சட்டம், கள்ளச்சாராயம் காய்ச்சுவோருடன் விபசாரத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம் இழைப்போரையும் ஒரே தட்டில் வைக்கிறது. வற்புறுத்தியோ ஏமாற்றியோ பிறரைத் தொழிலில் தள்ளுவோருக்கும் சிறாரைச் சுரண்டுவோருக்கும் மட்டுமே அது பொருந்தும் எனத் திருத்தும் முயற்சிக்கு நாடாளுமன்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை.

இத்தகைய மாற்றங்களால் கடத்தல்காரர்கள் தப்பிவிடுவர் என்ற அச்சம் வேண்டாம். ஆள்கடத்தலைத் தண்டிக்க பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவும், சிறாரைக் காக்க போக்சோ சட்டமும் உள்ளன. தொழில் செய்யும் பெண்ணைத் துரத்துவதில் செலவாகும் காவல்துறையின் நேரம், அவளை விற்றவனைத் தேடுவதில் செலவாகட்டும். ஒழுக்கத்தைப் பற்றிய விவாதம் முடிவின்றித் தொடரலாம். பாதுகாப்பு அதுவரை காத்திருக்கலாகாது.