திரும்பிப் போனவள் தோற்றவளா?

டீ ஆறுவதற்குள் கொஞ்சம் பேசுவோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்களில் ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. சம்பளம் அவர் பெயரில்தான் வங்கிக்கு வருகிறது; ஏ.டி.எம். கார்டோ கணவரின் சட்டைப் பையில். போன வருடம் அடி தாங்காமல் ஆவடியில் அம்மா வீட்டுக்குப் போனார். பதினைந்தே நாளில் திரும்பிவிட்டார். "அவளே போயிட்டா, நாம என்ன செய்ய?" என்று தெரு கையைக் கழுவிவிட்டது.

நாம் எல்லாருமே தடுக்கி விழும் இடம் இதுதான். மீள்வது என்றால் வீட்டை விட்டு வெளியேறுவது, அதுவும் ஒரே தடவையில், என்று நினைத்துக்கொள்கிறோம். வாடகை வீடு மாறும்போது ஒரே நடையிலா சாமான் போகிறது? பல பெண்கள் பலமுறை போய்த் திரும்பிய பிறகுதான் நிலையாக வெளியே வருகிறார்கள். அந்தப் பதினைந்து நாளில் நம் அக்காவும் சிலதைத் தெரிந்துகொண்டிருப்பார்: அண்ணி எத்தனை நாள் முகம் சுளிக்காமல் சோறு போடுவார், அங்கிருந்து பிள்ளையின் பள்ளிக்கு எத்தனை பஸ், ஆதார் அட்டையை எடுக்காமல் வந்தது எவ்வளவு பெரிய தப்பு.

இன்னொன்றும் உண்டு. பிரியும் நேரமே மிக ஆபத்தான நேரம். அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, அடக்கி ஆளும் கணவனையோ துணைவனையோ பிரியும்போது பெண் கொல்லப்படும் அபாயம் கூடுவதைக் காட்டியது. ஆகவே திரும்பிப் போவதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பல நேரம் அது உயிர்க்கணக்கு. அந்நாட்டின் கறுப்பினப் பெண்கள் பலரும் போலீஸைக் கூப்பிடத் தயங்கி, தாயையும் சகோதரிகளையும் தேவாலயத்தையுமே முதலில் நாடியிருக்கிறார்கள். போலீஸ் வந்தால் தங்கள் ஆண்களுக்கு என்ன நேருமோ என்ற பயம் அவர்களுக்கு. நம் அக்காவுக்கு, ஸ்டேஷன் படி ஏறினால் மானம் போய்விடுமே என்ற பயம். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது; பயம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இங்கேதான் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொறுத்துப் போ, இல்லையென்றால் பிரிந்து போ என்று ஊர் இரண்டே வழி காட்டும். சட்டம் மூன்றாவதாக ஒன்றைத் தருகிறது: வீட்டிலேயே இரு, அடிப்பது நிற்கட்டும். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் பொருளாதார வன்முறைதான். விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. ஸ்டேஷனுக்குப் போகாமலே பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். அவர் நடந்ததை எழுதி மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவார். இந்தச் சட்டத்தின் கீழ், நீதிமன்றம் போட்ட பாதுகாப்பு உத்தரவைக் கணவர் மீறினால்தான் அது தண்டனைக்குரிய குற்றமாகிறது. அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. 181-க்குப் போன் செய்து எங்கே போவது என்று கேட்கலாம். 2001 முதல் சென்னையில் இயங்கும் பி.சி.வி.சி. போன்ற, பெண்களுக்கு உதவும் அமைப்புகள் தங்க இடமும் தருகின்றன.

அடி நின்ற பிறகும் உடம்பு உடனே நம்பிவிடாது. சூடு கண்ட பூனை மாதிரி, கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே கை நடுங்கும், தூக்கம் வராது. "இன்னுமா அதையே நினைச்சுட்டிருக்கே?" என்று கேட்கத் தோன்றும். அவர் நினைப்பதில்லை, உடம்புதான் காவல் காக்கிறது. மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள்.

அந்த அக்கா எதிரே வந்தால், ஏன் திரும்பிப் போனாய் என்று கேட்காமல் இருக்கலாம். "அக்கா, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாத்துக்கும் நகல் எடுத்து ஒரு பையில போட்டு எங்க வீட்டுல வெச்சிருங்க. எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கங்க" என்று சொல்லிவைக்கலாம்.